கேழ்வரகு கேக், சாமை ரொட்டி, தினை முறுக்கு... கோதுமை ஆகாத குழந்தைக்கு வயலிலிருந்தே பலகாரம்!

'என் பேத்திக்கு ஆறு வயது. ஒரு வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. எடை ஏறவே இல்லை. ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தும் பலன் இல்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையும், குடலில் சதை எடுத்துப் பரிசோதனையும் செய்துவிட்டு, கோதுமை சேர்ந்த எதையும் இனி கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு ஏக்கர் மானாவாரியில் கேழ்வரகும் சாமையும் போடுகிறோம். சோறு, களி என்று சாப்பாட்டுக்குப் பிரச்னை இல்லை. ஆனால், பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பிஸ்கட், பன் சாப்பிடும்போது இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் பிறந்தநாள். கேக் வேண்டும் என்கிறாள். வீட்டிலேயே என்ன செய்து கொடுக்கலாம்?'

கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த, பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

இந்தப் பாட்டியின் கேள்விக்கான பதில், அவர் வீட்டுக் குதிரிலேயே இருக்கிறது. கேழ்வரகு, சாமை, தினை, வரகு, பனிவரகு, குதிரைவாலி, கம்பு, சோளம், மக்காச்சோளம், அரிசி என நம் வயலில் விளையும் எந்தத் தானியத்திலும், கோதுமையில் இருக்கும் அந்தத் தொல்லை தரும் பசை கிடையாது. ஆனால், வீட்டில் கேழ்வரகு இருந்தால் மட்டும் போதாது. கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, நல்ல மாவில் அது எப்படி வந்து கலக்கிறது, பசை இல்லாத மாவை எப்படிப் பக்குவம் செய்வது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் குழந்தைக்கு மறுபடியும் வயிற்றுப்போக்குதான்.

கோதுமை ஏன் ஆகாது?

சப்பாத்தி மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அந்த இழுவையைக் கொடுக்கும் புரதத்துக்குப் பெயர் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இந்த வகைப் புரதம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால், சிலருக்கு இது குடலுக்குள் போனதும், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்தக் குடலின் உட்பூச்சைத் தாக்க ஆரம்பித்துவிடும். சத்தை உறிஞ்சும் பகுதி தேய்ந்துபோவதால், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், ரத்தச்சோகை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இதைத்தான் 'சீலியாக் நோய்' என்கிறார்கள். இது தொற்றுநோய் அல்ல.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி நலிந்ததும் அவருக்கு முன்பே இருந்த சந்தேகத்தை உறுதிப்படுத்தின. இன்றுவரை இதற்குக் கைகொடுக்கும் வைத்தியம் ஒன்றுதான்... குளூட்டனை அறவே ஒதுக்குவது.

கோதுமையே பிரதான உணவாக உள்ள வட இந்தியாவில் இந்த நோய் அதிகம். 2016-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவருக்கு மேலும், தென்னிந்தியாவில் 1,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலும் இந்தப் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. நம் பக்கம் குறைவாக இருப்பதாலேயே, 'சாதாரண வயிற்றுக் கோளாறு' என்று நாள் கடத்திவிடும் ஆபத்தும் உண்டு.

எது ஆகாது... எதில் ஒளிந்திருக்கிறது?

மைதா, ரவை, சேமியா, ஆட்டா எல்லாமே கோதுமைதான். 'சம்பா ரவை' என்ற பெயரைப் பார்த்து, சம்பா அரிசி என்று நினைத்துவிடக் கூடாது. அது சம்பா கோதுமை. பன், பிரெட், ரஸ்க், பரோட்டா, பூரி, சமோசா, கடை கேக் எதுவும் கூடாது என்பது எளிதில் புரிந்துவிடும். சிக்கல், புரியாத இடங்களில்தான்.

'ராகி பிஸ்கட்', 'ராகி சேமியா', 'தினை நூடுல்ஸ்' என்று பெயர் இருந்தாலும், பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மால்ட் பான மாவுகள் பெரும்பாலும் கோதுமை, பார்லியில் செய்யப்படுபவை. சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு என்றாலும், கோதுமை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாதது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில், காயத்தின் பிசினோடு கோதுமை மாவு அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். சில தயாரிப்புகளில் அரிசி மாவு சேர்க்கிறார்கள். ஆகவே, சேர்மானத்தைப் பார்க்காமல் சாம்பாரிலோ முறுக்கிலோ போடக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் பலகாரத்தில் பெருங்காயத்தை விட்டுவிட்டு சீரகம், ஓமம், பூண்டு போட்டுக்கொள்வதே பத்திரம்.

மாவு மில்லில் கவனம்!

நம் பகுதியில் கேழ்வரகு வயலுக்குப் பக்கத்தில் கோதுமை விளைவதில்லை. அதனால் வயலிலோ களத்திலோ கலப்படம் ஆவதற்கு வாய்ப்பு குறைவு. தானியம் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகுதான் கோதுமை வந்து சேர்கிறது. முதல் இடம் மாவு மில். முன்னால் போனவர் கோதுமை அரைத்திருந்தால், கல்லிலும் துணிக் குழாயிலும் தங்கிய மாவு நம் மாவோடு சேர்ந்து வரும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அதை 'குளூட்டன் இல்லாதது' என்று சொல்லக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சர்வதேச அளவுகோலும் இதேதான். ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால், கண்ணுக்கே தெரியாத அளவு. மில்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி கோதுமை மாவு இதைப்போலப் பல மடங்கு.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வீட்டில் திருகைக் கல் இருந்தால் அதிலேயே அரைத்துக்கொள்ளலாம். குறைந்த அளவு என்றால் மிக்ஸியில் அரைத்துச் சலிக்கலாம். ஊரில் சிறுதானியமும் அரிசியும் மட்டும் அரைக்கும் மில் இருந்தால் இன்னும் நல்லது. எதுவும் இல்லை, பொது மில்தான் கதி என்றால், காலையில் மில்லைச் சுத்தம் செய்த பிறகு முதல் ஆளாகப் போய், இரண்டு கிலோ அரிசியையோ நொய்யையோ முதலில் ஓடவிட்டு, அந்த மாவை மாட்டுக்கு வைத்துவிட்டுப் பிறகு தானியத்தைப் போடலாம். இது ஆபத்தைக் குறைக்கும், முழுவதுமாகப் போக்கிவிடாது. அதனால், நோய் உறுதியான குழந்தைக்கு வீட்டில் அரைத்த மாவுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

அடுத்து, சாக்கு. கோதுமையோ மைதாவோ வந்த பழைய சாக்கில் தானியத்தைக் கட்டக் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கட்டை, குழவி, சல்லடை, தோசைக்கல் ஆகியவற்றைக் குழந்தையின் பலகாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மரக்கட்டையின் இடுக்கிலும் சல்லடைக் கண்ணிலும் கோதுமை மாவு தங்கும். பூரி பொரித்த எண்ணெயில் முறுக்கு சுடவும் கூடாது. சிறிய சல்லடை ஒன்று, தோசைக்கல் ஒன்று, வாணலி ஒன்று தனியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பால், நெய், முட்டைக்குப் பதில்...

குடலின் உட்பூச்சு தேய்ந்திருக்கும்போது, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறனும் குறைந்துவிடும். அதனால்தான் சிலருக்குக் கொஞ்ச காலம் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். குடல் ஆறிய பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பால் மறுபடியும் ஒத்துக்கொள்ளும். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை பலகாரத்துக்குத் தேவையானவை எல்லாமே தோட்டத்திலிருந்து கிடைக்கும். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். நெய், வெண்ணெய்க்குப் பதில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய். கேக்கில் முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் அல்லது ஆளி விதை. ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடங்கள் ஊறவிட்டால் வழவழவென்று ஆகும். அது ஒரு முட்டையின் வேலையைச் செய்துவிடும்.

பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச்சத்துக்கு என்ன செய்வது என்ற கவலை வரும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் இருப்பது இதில் மிகச் சிறிய பங்குதான். எள்ளிலும் முருங்கைக்கீரையிலும் இது தாராளமாக இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டினால் அதிலுள்ள சத்துகளை உடம்பு எடுத்துக்கொள்வது இன்னும் எளிதாகும்.

பசை இல்லாத மாவுக்கு மூன்று பக்குவங்கள்

கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து சப்பாத்தி போலத் தேய்த்தால் விரிசல் விட்டு உதிரும். 'சிறுதானியத்தில் ரொட்டி வராது' என்று பலர் கைவிடுவது இங்கேதான். கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே வேறு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒன்று, கொதிநீர். கொதிக்கும் தண்ணீர் பட்டதும் மாவிலுள்ள மாவுச்சத்து வெந்து பசையாகி, மாவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வட கர்நாடகத்தின் சோள ரொட்டியும், நம் கொழுக்கட்டை, இடியாப்ப மாவும் இந்த முறையில் தயாராகுபவைதான். இரண்டு, புளிப்பு. உளுந்து சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்த மாவில் காற்று அடைபட்டு, ஆவியில் வேகும்போது உப்பும். நம் இட்லி இதற்குச் சாட்சி. மூன்று, வழவழப்பு. ஆளி விதை, இசப்கோல் உமி, கனிந்த வாழைப்பழம் போன்றவை மாவைக் கட்டிப்போடும். கீழே உள்ள எல்லாப் பலகாரமும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை நம்பித்தான் நிற்கிறது.

(டம்ளர் என்று குறிப்பிட்டிருப்பது 200 மி.லி பிடிக்கும் டம்ளர்.)

கேழ்வரகு ரொட்டி

இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை மேலே கொட்டி, அடுப்பைக் குறைத்து, கரண்டிக் காம்பால் கிளறி, மூடி இறக்கிவிட வேண்டும். பத்து நிமிடங்கள் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் நன்றாக அழுத்திப் பிசைய வேண்டும். மாவு உதிர்ந்தால் வெந்நீர் தெளிக்கலாம். ஒட்டினால் கொஞ்சம் மாவு தூவலாம். ஈரத்துணியிலோ வாழை இலையிலோ வைத்துக் கையால் தட்டி, சூடான கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சுட்டெடுக்கலாம். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் சேர்த்துத் தட்டினால், தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். சோள மாவிலும் இதே முறையில் செய்யலாம்.

சாமை ரொட்டி (துண்டு போட்டுப் பள்ளிக்குக் கொடுக்க)

சாமை அரிசி இரண்டு டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன் ஆகியவற்றை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைக்க வேண்டும். உப்பு போட்டுக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிடலாம். காலையில் ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும். எண்ணெய் தடவிய உயரமான பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம், பொறுமை. சூட்டோடு வெட்டினால் பிசுபிசுவென்று வரும். முழுவதுமாக ஆறிய பிறகு வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும். அந்தத் துண்டுகளைக் கல்லில் எண்ணெய் தடவி மொறுமொறுப்பாகச் சுட்டு, நடுவில் கடலைச் சட்னியோ வெல்லப்பாகோ தடவிக் கொடுத்தால், பள்ளியில் மற்ற பிள்ளைகள் கொண்டுவரும் பிரெட்டுக்கு இது சளைத்தது அல்ல.

தினை முறுக்கு

தினை மாவு இரண்டு டம்ளர், வீட்டில் அரைத்த பொட்டுக்கடலை மாவு அரை டம்ளர், எள் ஒரு டேபிள்ஸ்பூன், ஓமம் அரை டீஸ்பூன், தேவையான உப்பு, மிளகாய்த்தூள். வெண்ணெய்க்குப் பதிலாக இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயை நன்றாகக் காயவைத்து மாவில் ஊற்றிப் பிசற வேண்டும். பிறகு, வெந்நீர் சேர்த்துப் பிசைந்து, உடனே பிழிந்து சுட்டெடுக்கலாம். அறுந்து அறுந்து விழுந்தால் இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துக்கொள்ளலாம். புது எண்ணெயில் சுட வேண்டும்.

முளைகட்டிய கேழ்வரகு - எள் உருண்டை

கேழ்வரகைக் கழுவி, கல் நீக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்று, ஒன்றரை நாளில் முளை வரும். நிழலில் நன்றாக உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து அரைத்துக்கொள்ளலாம். இந்த மாவு இரண்டு டம்ளர், வறுத்த எள் அரை டம்ளர், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரை டம்ளர், பொடித்த கருப்பட்டி அல்லது வெல்லம் ஒன்றேகால் டம்ளர். எள்ளையும் கடலையையும் இடித்து, வெல்லத்தையும் மாவையும் சேர்த்து மறுபடியும் இடித்தால் எண்ணெய் கசிந்து வரும். அந்தப் பதத்தில் உருண்டை பிடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயைச் சூடாக்கி விடலாம். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைக் கட்டாயம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

கேழ்வரகு - வாழைப்பழ கேக்

கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு கால் டம்ளர், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்துக்கொள்ள வேண்டும். பேக்கிங் பவுடர் பாக்கெட்டிலும் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். மக்காச்சோள ஸ்டார்ச் என்றால் பரவாயில்லை. கோதுமை ஸ்டார்ச் கூடாது.

முக்கால் டம்ளர் வெல்லத்தை, முக்கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலில் இளஞ்சூட்டில் கரைத்து வடிகட்டி ஆறவிட வேண்டும். அதில் மசித்த கனிந்த வாழைப்பழம் இரண்டு, தேங்காய் எண்ணெய் கால் டம்ளர், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன் சேர்த்துக் கலக்க வேண்டும். பிறகு, சலித்த மாவைப் போட்டு, இட்லி மாவுப் பதத்தில் கலந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதி அளவுக்கு ஊற்றலாம்.

அடுப்புக்கு ஓவன் தேவையில்லை. அடிகனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சுத்தமான மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடங்கள் சூடாக்க வேண்டும். கேக் பாத்திரத்தை வளையத்தின்மேல் வைத்து மூடி, சிறு தீயில் 35 முதல் 45 நிமிடங்கள் வைத்தால் வெந்துவிடும். அடிக்கடி திறந்து பார்த்தால் அமுங்கிவிடும். மணல் வேண்டாம் என்றால், மேலே தட்டுப் போட்டு மூடி ஆவியிலும் வேகவைக்கலாம். மேலே ஒடுகாது, ஆனால், ருசி குறையாது. முதல் முறையே பிறந்தநாளன்று செய்து பார்க்காமல், ஒரு வாரம் முன்பே ஒருமுறை செய்து, அவரவர் அடுப்புக்கான நேரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் வந்தால், கடலை மிட்டாய் கைகொடுக்கும். 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த பலகாரம். அதிலும் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குவதே முறை.

வாசகர் கேள்விகள்

'என் மகனுக்கும் இதே மாதிரி வயிற்றுக் கோளாறு. நாங்களே கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?'

கூடாது. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், ரத்தத்திலும் குடலிலும் நோயின் அடையாளம் மறைந்து, முடிவு தவறாக வந்துவிடலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, பரிசோதனையை முடித்துவிட்டு, அதன் பிறகே நிறுத்த வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாதவர்கள் கோதுமையைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

'கம்பு மாவு நான்கைந்து நாள்களில் கசந்துவிடுகிறதே?'

கம்பில் கொழுப்புச்சத்து அதிகம். அரைத்த பிறகு அந்தக் கொழுப்பு சீக்கிரம் சிதைந்து கசப்பாகும். கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் வறுத்து அரைத்துக்கொள்வதே நல்லது. கேழ்வரகு மாவு இதைவிட அதிக நாள் தாங்கும்.

'வெல்லம், கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாமா?'

வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த உருண்டையையும் கேக்கையும் தவிர்த்து, ரொட்டி வகைகளை மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடலாம். குழந்தைக்கும் ஒரு நாளைக்கு ஓர் உருண்டை போதும்.

'இதையே செய்து விற்பனை செய்யலாமா?'

செய்யலாம். எந்த உணவுப் பொருளை விற்கவும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம். ஆனால், 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டுமென்றால், ஆய்வகப் பரிசோதனையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருப்பது உறுதியாக வேண்டும். கோதுமை அரைக்கும் அதே இயந்திரத்தில் அரைத்துவிட்டு அப்படி அச்சிடுவது, ஒரு குழந்தையின் உடம்போடு விளையாடுவது. அந்த வசதி வரும்வரை 'சிறுதானியப் பலகாரம்' என்று விற்பதே நேர்மை. சிறுதானிய மதிப்புக்கூட்டல் குறித்து, திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

அறுவடையில் ஒரு மூட்டை... தனியாக!

இந்தியா முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும், விளைவிக்கிற வீடுகளில் நடப்பது வேறு. அறுவடை முடிந்ததும் மொத்தக் கேழ்வரகையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, அந்தப் பணத்தில் மைதா பிஸ்கட்டும் சேமியாவும் வாங்கி வருகிற குடும்பங்கள் ஏராளம். கோதுமை ஒத்துக்கொள்கிற வீட்டில் இது வெறும் பணக்கணக்கு. கோதுமை ஆகாத குழந்தை இருக்கும் வீட்டிலோ, இது அந்தக் குழந்தையின் எடைக் கணக்கு.

ஒரு குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 150 கிராம் சிறுதானியம் என்று வைத்தால், வருடத்துக்கு சுமார் 55 கிலோ. கழிவு, விதை எல்லாம் சேர்த்து 100 கிலோ மூட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தால், வருடம் முழுவதும் அந்தக் குழந்தைக்குக் கவலை இல்லை. களத்திலிருந்து வரும்போதே புதுச் சாக்கில் கட்டி, அடையாளம் போட்டு, மற்ற மூட்டைகளோடு சேராமல் வைத்துவிட வேண்டும். சாமையை அரிசியாக்காமல் தோலோடு வைத்திருந்தால் வண்டு தொல்லை குறையும். மாதத்துக்குத் தேவையானதை மட்டும் உரலில் குத்தி எடுத்துக்கொள்ளலாம். கேழ்வரகுக்கு அந்த வேலையும் கிடையாது.

கேள்வி கேட்ட பாட்டிக்கு இன்னொரு யோசனையும் உண்டு. பேத்தியின் பிறந்தநாளன்று அவளுக்கு மட்டும் தனி கேக், மற்ற பிள்ளைகளுக்குக் கடை கேக் என்று பிரிக்க வேண்டாம். கேழ்வரகு - வாழைப்பழ கேக்கையே இரண்டு பாத்திரமாகச் செய்து, எல்லாருக்கும் அதையே வெட்டிக் கொடுக்கலாம். ஒரே கத்தி, ஒரே தட்டு. அதனால் கோதுமை கலந்துவிடும் பயமும் இல்லை. அன்றைக்கு ஒரு நாளாவது, எல்லாரும் சாப்பிடும் கேக்கை அந்தக் குழந்தையும் சாப்பிடுவாள்.